பாட்டரியை மாற்றும் முன் இரண்டு இரவுகள்

ரங்கூனில் ஒரு காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றால், நம்மவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் பாட்டரிக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதுதான். கடையிலிருந்து வரும் பையன் புதிய பாட்டரியை மாட்டிவிட்டு, பழையதை விலையில் கழித்துக்கொண்டு போய்விடுவான். வண்டியும் உடனே கிளம்பிவிடும். கிளம்பிவிட்டதாலேயே கோளாறு தீர்ந்தது என்று முடிவுகட்டிவிடுகிறோம். முழுச் சார்ஜில் இருக்கும் பாட்டரி எதை மாட்டினாலும், வண்டியின் மின்னோட்டத்தில் வேறு என்ன பழுது இருந்தாலும், முதல் சில நாட்களுக்கு அது கிளம்பத்தான் செய்யும். பழுது அப்படியே இருக்கிறது. புதிய பாட்டரி அதைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ தள்ளிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டரி இறங்குவதற்கு அடிப்படையில் மூன்று காரணங்கள் உண்டு. வாங்கிய சார்ஜைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலாத அளவுக்கு அது முதிர்ந்திருக்கலாம். வண்டி ஓடும்போது, எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அதற்குப் போதிய சார்ஜ் தராமல் இருக்கலாம். அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒரு கருவி சத்தமில்லாமல் மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் அறிகுறி ஒன்றே, வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரிந்துகொள்ள ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இரண்டு இரவுப் பொறுமையும் போதும் என்பதே நான் சொல்ல வந்தது. மீட்டரைக் கையில் எடுக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டில் அதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள்.

நம் ஊர் பாட்டரிக்கு உகந்த ஊர் அன்று. ஏப்ரல் நண்பகலில் இங்கே வெப்பம் 37, 38 பாகை செல்சியஸைத் தொடும். லேடான் சந்திப்பு நெரிசலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் அது எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவிதி. பாட்டரிக்குள் ஈயத் தகடுகளை அரிப்பதும், நீரை ஆவியாக்குவதும், சும்மா கிடக்கும்போதே சார்ஜைக் குறைப்பதும் இந்த வினைகள்தாம். குளிர்நாடுகளில் பாட்டரி கைவிடுவது பனிக்காலத்தில். ஆனால் அங்கும் அதன் ஆயுளைத் தின்பது கோடைதான். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடை, நடுவில் மழை.

இன்னொன்று, நாம் ஓட்டும் வண்டிகளின் வரலாறு. 1970இல் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்ட நாட்டில், வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட பழைய ஜப்பானிய வண்டிகளைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். 2011க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபோது வந்து குவிந்த டொயோட்டா புரோபாக்ஸ்களும் ஹோண்டா ஃபிட்களும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகளின் முதல் உரிமையாளர்கள் ஜப்பானில் மாட்டிய கருவிகள் பல அப்படியே இணைப்போடு இருக்கின்றன. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவிக்கிறதே, அது அந்நாட்டுச் சுங்கச்சாலைகளுக்கான ஈடிசி கருவி, தன்னுள் அட்டை இல்லை என்று சொல்வது. அதற்கு மேல் இங்கே வந்த பிறகு நாம் சேர்த்தவை: ஆண்ட்ராய்டு திரை, முன்புறக் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம். இவற்றில் எந்தக் கம்பியை யார் எந்த ஃபியூஸிலிருந்து எடுத்தார் என்பதற்கு எங்கும் குறிப்பு இருக்காது.

சோதனைக்கு வருவோம். முதலில் பாட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்ய வேண்டும். மின்சாரம் வரும் நேரம் பார்த்து வீட்டுச் சார்ஜரில் போடலாம், அல்லது சார்ஜ் கடையில் ஒரு நாள் விடலாம். நகரத்துக்குள் அரைமணி நேரம் சுற்றிவருவது முழுச் சார்ஜ் ஆகாது. சார்ஜ் ஏறிய உடனே அளந்தால் மீட்டர் பொய்யாகக் கூடுதல் காட்டும். தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ் அது; முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுத்து அளந்தால் உண்மை நிலை தெரியும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழுச் சார்ஜ்; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்குதான் மீதி. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் பன்னிரண்டு இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் இருத்த வேண்டும்.

முதல் இரவு, வண்டியை வழக்கம்போல் பூட்டி நிறுத்திவிட்டு, வோல்ட்டேஜைக் குறித்துக்கொண்டு உறங்கப் போகலாம். பானெட்டின் உள்கொக்கியை இரவே இழுத்து விடுவித்து, வெளிக்கொக்கியில் மட்டும் நிற்கும்படி வைத்துவிடுவது நல்லது; காலையில் கதவைத் திறந்தால் உள்விளக்கும் கணினிப் பெட்டிகளும் விழித்துக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். காலையில் கதவைத் தொடாமல் அளந்து குறிக்க வேண்டும். இரண்டாம் நாள் மீண்டும் முழுச் சார்ஜ் ஏற்றி, இம்முறை மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அதேபோல் இரவும் காலையும் அளக்க வேண்டும்.

இந்த நான்கு எண்களே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். டெர்மினல் கழற்றிய இரவிலும் வோல்ட்டேஜ் கணிசமாக இறங்கியிருந்தால் பழுது பாட்டரிக்குள்ளேயே இருக்கிறது. மாட்டிய இரவில் இறங்கி, கழற்றிய இரவில் நின்றிருந்தால் வண்டியில் எங்கோ மின்சாரம் கசிகிறது. இரண்டு இரவும் 12.6 அசையாமல் நின்று, ஆனால் இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் செல்ஃப் சோர்ந்துபோனால், ஆல்டர்னேட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

பாட்டரியின் உள்பழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்தால் பாட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் எட்டுக்கோ ஏழுக்கோ சரிந்தால் தகடுகள் ஓய்ந்துவிட்டன, அல்லது பாட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. மூடி திறக்கும் பாட்டரியானால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம். முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டியது, ஒரு செல்லில் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைந்தால் அந்தப் பாட்டரியோடு போராடுவதில் பயனில்லை. மாறாக, சாவியைத் திருப்பியதும் ஒரு டிக் சத்தம் மட்டும் கேட்டு, மீட்டரும் 12க்கு மேலேயே நின்றால் பாட்டரியைக் குறை சொல்லக் கூடாது. கரண்ட் செல்ஃப் மோட்டார் வரை போகவில்லை. டெர்மினல், பாடி எர்த் கம்பி, செல்ஃபின் உள்தொடுமுனை என்று அந்த வழியில் தேட வேண்டும்.

பாட்டரியின் மேல்மூடியில் படியும் அழுக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை மைனஸ் தூணில், அதாவது கம்பி மாட்டும் ஈய முனையில், வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை பிளாஸ்டிக் மூடியின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். உலர்ந்த சுத்தமான மூடியில் ஒன்றும் காட்டாது. ஆசிட் கசிந்து புழுதியோடு சேர்ந்து, மழைக்கால ஈரமும் ஏறிய மூடியில் ஓரிரு வோல்ட் காட்டுவதைப் பார்த்து அசந்துபோவீர்கள். அந்தப் பசை வழியாக இரு தூண்களுக்கும் இடையே ஓயாமல் மின்சாரம் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் மீண்டும் துடைத்தால் போதும். மூடித் துளைகளுக்குள் சோடாத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது.

இனிக் கசிவு. பூட்டிய வண்டியும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், கணினிப் பெட்டியின் நினைவகம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் வாங்கி ஆகியவை அதைச் செலவழிக்கின்றன. இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு பாட்டரிக்கு 50 மில்லி ஆம்பியர் என்பது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பாதி இறங்கவே பதினெட்டு நாட்களுக்கு மேலாகும். ஆனால் கையுறைப் பெட்டிக்குள் அணையாமல் கிடக்கும் 5 வாட் குமிழ் விளக்கு ஒன்று நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். இரண்டே நாளில் பாதி காலி. முழுவதும் இறங்கித்தான் கெட வேண்டும் என்பதில்லை. பாதி இறங்கிய நிலையில் வெயிலில் கிடந்தாலே தகடுகளின்மேல் ஈய சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

கசிவை அளக்க, மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் தூணுக்கும் அதைப் பற்றியிருக்கும் கம்பியின் கிளாம்புக்கும் இடையே மீட்டர் வழியாக மட்டும் கரண்ட் போகும்படி வைக்க வேண்டும். கிளாம்பைக் கழற்றிவிட்டுப் பிறகு மீட்டரை மாட்டினால் கணினிப் பெட்டிகள் எல்லாம் புதிதாக விழித்துக்கொள்ளும். ஆகவே ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைக் கிளாம்பிலும் முதலிலேயே இருத்திக்கொண்டு, தொடர்பு அறுபடாமல் கிளாம்பை மெதுவாக உயர்த்த வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது என்று வண்டியை நம்பவைப்பதற்கு, திறந்த கதவின் பூட்டுக் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிவிடலாம். சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட வேண்டும். அதன் பிறகு கணினிப் பெட்டிகள் உறங்கும்வரை உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இது மாறும், இருபது நிமிடத்தில் உறங்கிவிடும் வண்டியும் உண்டு, முக்கால் மணி நேரம் கழித்து உறங்கும் வண்டியும் உண்டு. மீட்டரை மாட்டிய கணத்தில் இரண்டு ஆம்பியர் காட்டுகிறது என்று பதறி ஃபியூஸ்களைப் பிடுங்கத் தொடங்குவதுதான் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வீண்வேலை. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்பதையும், வேலை முடிந்ததும் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றாமல் பாட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உறங்கிய பிறகும் முந்நூறு, ஐந்நூறு மில்லி ஆம்பியர் நின்றால், எந்த வழியில் போகிறது என்று தேட வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை; பிடுங்கிச் செருகும்போது உறங்கிய பெட்டி விழித்து, நம்மைத் திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வைக்கும். பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரு புள்ளிகளிலும் முனைகளைத் தொட்டால், கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுழியம் காட்டும். ஓடும் ஃபியூஸில் மில்லி வோல்ட்டின் சிறு பங்காவது காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றில் ஒரு மில்லி வோல்ட் தெரிந்தால் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. எதையும் கழற்றாமல், எதையும் எழுப்பாமல், கசியும் பாதையைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ரிலேக்களையும், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகளையும், விரலால் தொட்டுப் பார்க்கலாம். நெடுநேரம் நின்ற வண்டியில் ஒரு ரிலே மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் மனைவியின் தம்பி வைத்திருக்கும் ஹோண்டா ஃபிட்டில் நடந்ததை இங்கே சொல்வது பொருத்தம். சில காலைகளில் பாட்டரி அடியோடு செத்துக்கிடக்கும். சில காலைகளில் ஒரு குறையும் இருக்காது. பட்டறை ஒன்றில் காட்டியபோது, எஞ்சின் ஓடும்போது மீட்டர் 12.5தான் காட்டுகிறது, டைனமோ (ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) போய்விட்டது என்று சொல்லி, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ஒன்றை மாட்டிக்கொள்ளும்படி விலையும் பேசிவிட்டார்கள். “அத்தான், நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணம் கொடுக்கிறேன்” என்று வண்டியைக் கொண்டுவந்தான். எஞ்சின் ஓடும்போது 12.5 என்பது டொயோட்டா வண்டியில் சந்தேகத்துக்கு உரியது. ஹோண்டாவில் அப்படி இல்லை. அந்த நிறுவனத்தின் பல வண்டிகளில் மின்சுமையை அளக்கும் சிறு கருவி ஒன்று பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் உண்டு. எஞ்சின் சூடேறி, ஏசியும் விளக்குகளும் அணைந்திருந்தால், எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே 12.4க்கும் 12.9க்கும் இடையே இறக்கிவைக்கும். சுமை ஏறியதும் தானாக 14க்கு மேல் எழும்ப வேண்டும். முகப்பு விளக்கையும் ஏசியையும் போடச் சொன்னேன், மீட்டர் 14.3க்கு ஏறி நின்றது. ஆல்டர்னேட்டரில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றவாளி ஓட்டுநரின் கால்மிதியில் கிடந்தது. விரல்நுனி அளவில் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் சில, அழுக்கு வெள்ளையில். பிரேக் பெடலின் கைக்கு மேல்புறத்தில், பிரேக் விளக்கு சுவிட்சின் குமிழ் முட்டி நிற்பதற்கு ஒரு சிறு பிளாஸ்டிக் தக்கை இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு வெயிலில் அது உளுத்துப் பொடியாகும். தக்கையில் பாதி எஞ்சியிருந்ததால், பெடல் ஓய்ந்து நிற்கும் இடத்தைப் பொறுத்துக் குமிழ் சில நேரம் அமுங்கும், சில நேரம் அமுங்காது. அமுங்காத இரவுகளில் பிரேக் விளக்கு விடியவிடிய எரியும். 21 வாட் விளக்கு இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர். 45 ஆம்பியர்-மணி பாட்டரி பதின்மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வண்டியைச் சுவரோடு பின்புறத்தை ஒட்டி நிறுத்துவது அவன் வழக்கம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தத் தக்கைக்கு ஆன செலவைக் கணக்கில் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கும்.

எல்லா ஃபியூஸும் சுத்தமாக இருந்தும் கசிவு நின்றபாடில்லை என்றால், ஆல்டர்னேட்டரையே சந்தேகிக்க வேண்டும். அதன் தடித்த பாசிட்டிவ் கம்பி பெரும்பாலான வண்டிகளில் உட்புறப் பெட்டியின் சிறு ஃபியூஸ்கள் எதனையும் தொடாமல் நேரே பாட்டரியை நோக்கிப் போகிறது. உள்ளே இருக்கும் டையோடுகள் கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விட வேண்டியவை. அவற்றில் ஒன்று பழுதானால் நிற்கும் வண்டியில் பாட்டரி ஆல்டர்னேட்டருக்குள் பின்னோக்கி ஓடத் தொடங்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் விடிகாலையில் ஆல்டர்னேட்டரின் உடலை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்; எஞ்சின் குளிர்ந்து கிடக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சான்று தேவையில்லை. ஐயமிருந்தால், பாட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு, அந்தத் தடித்த கம்பியை ஆல்டர்னேட்டரிலிருந்து விலக்கி முனையில் டேப் சுற்றி, பிறகு கசிவை மறுபடி அளக்கலாம்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது இதைவிட எளிது. எஞ்சினை நிமிடத்துக்கு 1500, 2000 சுற்றில் வைத்து பாட்டரியின் இரு தூண்களிலும் அளந்தால், ஹோண்டா போன்ற விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டால், 13.8க்கும் 14.7க்கும் இடையே இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. பாட்டரி கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் வீசி, சில நாட்களிலேயே நீர் வற்றிவிடும். 13க்குக் கீழே நின்றால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றாமல், அதன் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் பாட்டரியின் பாசிட்டிவ் தூணுக்கும் இடையே, எல்லா விளக்கும் ஏசியும் ஓட, வோல்ட்டேஜை அளந்து பார்க்க வேண்டும். அங்கே 0.2, 0.3க்கு மேல் தெரிந்தால் ஆல்டர்னேட்டர் தருவதைக் கம்பியே விழுங்கிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் மைனஸ் தூணுக்கும் இடையிலும் இதே சோதனை, அங்கே 0.2ஐத் தாண்டினால் பாடி எர்த் துருப்பிடித்திருக்கிறது. நம் மழையில் இரும்பு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இரண்டு முறை மாற்றிய பிறகு எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதில் எல்லாம் சரியான கதைகள் ஏராளம்.

மழைக்காலத்தில் கிளம்பியதும் கீச்சென்று கத்தும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் சார்ஜைக் குறைக்கும். உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றத்தான் வேண்டும். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பும்போது டாஷ்போர்டில் பாட்டரிச் சின்னம் எரிய வேண்டும், கிளம்பியதும் அணைய வேண்டும். எஞ்சின் ஓடும்போது எரிந்தால் எல்லோரும் கவனிக்கிறார்கள். கிளம்பும் முன் எரியாமலே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பழைய வண்டிகளில் அந்தச் சின்னத்தின் வழியாகப் போகும் சிறு கரண்ட்டே ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது என்பதால், அந்தச் சின்னத்தின் விளக்கு போய்விட்டால் ஆல்டர்னேட்டரும் உறங்கிவிடக்கூடும். சார்ஜ் வருவதும் போவதுமாக இருந்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் வந்துவிடுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. பிரஷ்ஷை மட்டும் மாற்றித் தரும் பழைய கைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

டையோடு கெட்டதை எஞ்சின் ஓடும்போதும் கண்டுபிடிக்கலாம். மீட்டரை ஏசி வோல்ட்டில், அதாவது மாறுமின்னோட்ட அளவையில், வைத்துப் பாட்டரியில் அளந்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மலிவான மீட்டர்கள் சில ஏசி அளவையில் டிசியையும் (நேர்மின்னோட்டத்தையும்) சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டிவிடும்; எஞ்சினை அணைத்து வைத்து முதலில் அளந்து பாருங்கள், அப்போதும் ஏதோ எண் வந்தால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, ஓடும் எஞ்சினில் பாட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டும் வழக்கம் நம் தெருவோரப் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்பது அவர்கள் தீர்ப்பு. பாட்டரி ஒரு தொட்டியைப்போல ஏற்ற இறக்கங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று விலக்கினால் வோல்ட்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறி, கணினிப் பெட்டியையோ ரெகுலேட்டரையோ சுட்டுவிடும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. இன்றைய வண்டிக்கு அந்தப் பெட்டியின் விலை பல பாட்டரிகளின் விலை. யாராவது ஸ்பேனரோடு அப்படிக் குனிந்தால் தயங்காமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பழுது எதுவுமே இல்லாமலும் பாட்டரி இறங்கலாம். பியே சாலை நெரிசலில், மழை இரவில், ஏசி, முகப்பு விளக்கு, வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி அனைத்தும் ஓட ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில், எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் தரும். வருவதும் போவதும் சரிக்குச் சரியாகி, பாட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். அலுவலகத்துக்கும் வீட்டுக்குமான சிறு தூரத்தை மட்டும் ஓட்டுபவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது வீட்டுச் சார்ஜரில் போட வேண்டும், அல்லது நீண்ட ஓட்டமாகப் பாகோ ஊர்ப் பக்கம் போய்வர ஒரு காரணம் தேடிக்கொள்ள வேண்டும்.

மின்வெட்டு வந்தால் கார் பாட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரில் மாட்டி விளக்கும் மின்விசிறியும் ஓட்டும் பழக்கம் இப்போது பல வீடுகளில் உண்டு. புழுக்கத்தில் குழந்தைகள் தூங்க முடியாமல் தவிக்கும்போது யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கார் பாட்டரியின் தகடுகள், சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தருவதற்காக மெல்லியதாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் செய்யப்பட்டவை. ஆழமாக இறங்கி ஏறுவதை அவை சில தடவைகளுக்கு மேல் தாங்குவதில்லை. வீட்டுக்கென்று தடித்த தகடுள்ள இன்வெர்ட்டர் பாட்டரியைத் தனியாக வாங்கிவிடுவதே கணக்குப் பார்த்தால் மலிவு. அதற்கு வழியில்லாதவர்கள், இன்வெர்ட்டரில் ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்து, 12.2க்கு வந்ததும் நிறுத்திவிட்டு, மின்சாரம் வந்த முதல் நேரத்திலேயே சார்ஜில் போட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு பாட்டரிதான் போய்விட்டது என்று உறுதியானால், கடையில் கேட்பதற்குச் சரியான குறியீடு வேண்டும். 46பி24எல் என்று பழைய பாட்டரியில் இருந்தால், முதல் எண் அதன் திறன் வரிசை, ‘பி’ அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் வகை, 24 என்பது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து பாசிட்டிவ் தூண் எந்தப் பக்கம் என்பது. முதல் எண் கூடுதலாக இருந்தால் நல்லதே. கடைசி எழுத்து மாறினால் கம்பி எட்டாது, இழுத்து எட்டவைத்தால் உராய்ந்து ஷார்ட் ஆகும். ‘பி’ வகையில் தூண் மெல்லியதும் உண்டு, தடித்ததும் உண்டு. குறியீட்டின் இறுதியில் ‘எஸ்’ இருந்தால் தடித்தது. மெல்லிய தூணில் தடித்த கிளாம்பை அலுமினியத் தாள் சுற்றி இறுக்கித் தருபவரிடம் வாங்காதீர்கள்; அடுத்த மழையில் அதுவே புதிய பழுதாகும். சிக்னலில் எஞ்சினைத் தானே அணைத்துக் கிளப்பும் வண்டிக்கு ‘எம்-42’, ‘கியூ-85’ என்று தொடங்கும் தனிவகை இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டே சாதாரணப் பாட்டரியை மாட்டினால் சீக்கிரமே மறுபடி கடைக்குப் போக நேரும்.

கடையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். புதியது என்று தருவதில் 12.4க்குக் கீழே இருந்தால் வெகுநாள் அலமாரியில் கிடந்தது என்று பொருள், வேறொன்று கேளுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்; இந்த வரிசையில் போனால் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. மாட்டிய பின் சில வண்டிகளில் எஞ்சின் சற்று நேரம் ஏறி இறங்கி ஓடும், ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் ஏறாமல் பாதியில் நிற்கும். முன்னது சில நிமிடம் ஓடவிட்டால் அடங்கிவிடும். பின்னதற்கு, கண்ணாடியை முழுவதும் ஏற்றிய பிறகும் பொத்தானை இரண்டு மூன்று விநாடி இழுத்துப் பிடித்திருந்தால் போதும்.